மழுங்குவது வயதாலா?

மூப்பே அடையாத சித்திரப் பாத்திரங்கள் வாரந்தோறும் புதிய இக்கட்டில் சிக்கும் நகைச்சுவைச் சித்திரத் தொடர்கள் ஆண்டுகள் ஏற ஏறக் கூர்மை இழக்கும் என்று வாதிட்டு, 1989 முதல் ஓடும் 'சிம்ப்சன்ஸ்' ஒன்றையே சான்றாகக் காட்டுவது, ஒரு பானையைப் பதம் பார்த்து ஊர்ப்பந்தியையே பழிப்பதாகும். ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணமேற்றிய பாவைகளை விளக்கொளியில் திரைக்குப் பின்னிருந்து ஆட்டும் தோல்பாவைக்கூத்தில், உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் தலைமுறைகளாக அதே கோமாளிகள்தாம். ஆயினும் பாவையாட்டியே அந்த நொடியில் பேச்சைக் கட்டுவதால், இராமாயணத்தின் நடுவே ஊர் வழக்கும் விலைவாசியும் புகுந்து சிரிப்பைப் புதுப்பிக்கின்றன. சிம்ப்சன்ஸின் ஒரு பகுதி எழுத்திலிருந்து திரைக்கு வரப் பல மாதங்கள் ஆவதால் அதன் அன்றாட அரசியல் கேலி பழசாகியே வந்து சேர்கிறது. 1997இல் தொடங்கிய 'சவுத் பார்க்' குழுவோ, அதுவும் இளந்தொடர் அல்ல, பெரும்பாலான பகுதிகளை ஏறத்தாழ ஒரே வாரத்தில் முடித்துவிடுகிறது.

சிம்ப்சன்ஸில் வரும் அபு என்ற இந்தியக் கடைக்காரரின் செயற்கை உச்சரிப்பு, 2017இல் ஹரி கொண்டபோலுவின் ஆவணப்படத்தால் சர்ச்சையானதை முதுமையின் அடையாளமாகக் கொள்வது இன்னும் தவறு. அந்தக் கேலி தொடக்கத்திலேயே மொண்ணை, கேலிக்குள்ளானவர்களுக்குப் பதில் சொல்ல அன்று மேடைதான் இருக்கவில்லை.