மீன்குஞ்சின் உடம்பெல்லாம் காது!

மீனுக்குக் காது உண்டா?

உண்டு. அது தலைக்குள் மறைந்து இருக்கிறது. அது போதாது என்று, மீனின் உடம்பிலும் சில உணர்வுப் புள்ளிகள் இருக்கின்றன. தண்ணீரில் ஏற்படும் சிறு அசைவைக்கூட அவை கண்டுபிடித்து விடும். தலையில் தொடங்கி வால் வரை வரிசையாக இருப்பதால், இதற்குப் "பக்கக் கோடு" என்று பெயர்.

"மீன்குஞ்சுக்கு உணர்ச்சி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? இதை ஆராயப் பணம் செலவழிக்க வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம்.

கட்டாயம் செலவழிக்க வேண்டும். காது கேளாத கோடிக்கணக்கான மக்களின் நலன் இந்தச் சின்ன மீனோடு பிணைந்திருக்கிறது.

கங்கைச் சீமை மீன்

ஆராய்ச்சிக்கு உதவும் மீனின் பெயர் "வரிக்குதிரை மீன்". உடம்பில் நீல நிறக் கோடுகள் ஓடும். இதன் பூர்வீகம் இந்தியாவும் அதன் அண்டை நாடுகளும்தான். கங்கை பாயும் பகுதிகளில், ஓடைகளிலும் வயல் நீரிலும் வாழ்கிறது. பிரான்சிஸ் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், 1822-ம் ஆண்டில் வெளியிட்ட கங்கை மீன்கள் பற்றிய நூலில் இதை வர்ணித்தார்.

பிறகு இது அழகுக்காகத் தொட்டியில் வளர்க்கும் மீன் ஆயிற்று. அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் ஸ்டிரைசிங்கர் இதை ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். 1981-ம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பின், இந்த மீன் உலகப் புகழ் பெற்றது.

காரணம் என்ன? இதன் குஞ்சு கண்ணாடி போல் இருக்கும். உடம்புக்குள் நடப்பதை, அறுக்காமலே மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடலாம்.

பஸ்ஸில் இறங்குவதுபோல

கரு உண்டாகி ஏறக்குறைய ஒரு நாள் ஆனதும், காதின் அருகே சுமார் 100 உயிரணுக்கள் ஒன்றுகூடுகின்றன. கூட்டமாக வாலை நோக்கிப் புறப்படுகின்றன. பஸ் ஊருக்கு ஊர் நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போவது போல, வழியில் சில உயிரணுக்களை இறக்கிவிட்டுக்கொண்டே போகின்றன. இரண்டாம் நாள் முடியும் சமயத்தில் வால் நுனிக்குப் போய்விடுகின்றன. இறங்கிய ஒவ்வொரு கூட்டமும் ஓர் உணர்வுப் புள்ளி ஆகிறது.

அந்தப் புள்ளியில் ரோமம் முளைத்த உயிரணுக்கள் இருக்கும். அவற்றின் மேல் கூழ் போன்ற ஒரு தொப்பி. தண்ணீர் அசைந்தால் தொப்பி சாயும். ரோமமும் சாயும். உடனே நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகும்.

ஐந்து நாள் குஞ்சின் நீளம் 4 மில்லிமீட்டர்தான். பெரிய மீன் பக்கத்தில் வரும்போது தண்ணீர் நகர்கிறது. அதை உணர்ந்து குஞ்சு கண் இமைக்கும் நேரத்தில் பாய்ந்து தப்பிவிடுகிறது. அந்த ரோம உயிரணுக்களை மருந்தால் அழித்துவிட்டால், குஞ்சு எளிதில் இரையாகிறது. இது சோதனையில் தெரிந்த உண்மை.

மருந்தே பகை

மனிதனின் உட்காதிலும் இதே இனத்து ரோம உயிரணுக்கள்தான் இருக்கின்றன. ஒரு காதுக்குச் சுமார் 15 ஆயிரம். பேரிரைச்சலும் முதுமையும் அவற்றை அழிக்கும். சில மருந்துகளும் அழிக்கும்.

1943-ம் ஆண்டில் ஸ்டிரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. காசநோயில் இருந்து எத்தனையோ உயிர்களை அது காப்பாற்றியது. ஆனால், பிழைத்தவர்களில் சிலர் காதை இழந்தார்கள். ஜெண்டாமைசின் ஊசியும், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டினும் இப்படிக் காதைக் கெடுக்கக்கூடியவையே.

மனிதனுக்கு, செத்த ரோம உயிரணு மீண்டும் முளைப்பது இல்லை. மீன்குஞ்சுக்கோ, இரண்டு மூன்று நாளில் புதிதாக முளைத்துவிடுகிறது! பக்கத்தில் இருக்கும் துணை உயிரணுக்கள் பிரிந்து அந்த இடத்தை நிரப்புகின்றன. பறவைகளுக்கும் காதில் இப்படி முளைப்பது 1988-ம் ஆண்டில் தெரியவந்தது.

மீனுக்கும் பறவைக்கும் முடிவது மனிதனுக்கு மட்டும் ஏன் முடியவில்லை? இந்தக் கேள்விக்கு விடை காண்பது வீண் வேலை ஆகுமா?

பலன் தெரிகிறது

அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், சுமார் 11 ஆயிரம் ரசாயனப் பொருள்களை மீன்குஞ்சுகளிடம் சோதித்துப் பார்த்து, 2008-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். மருந்தின் கேட்டில் இருந்து ரோம உயிரணுக்களைக் காக்கும் இரண்டு பொருள்கள் அகப்பட்டன. அந்த வழியில் உருவான ஒரு மருந்து, மனிதர்களிடம் சோதிக்கும் கட்டத்தை எட்டிவிட்டது. இத்தனை ஆயிரம் பொருள்களை வேறு எந்தப் பெரிய பிராணியிடம் சோதிக்க முடியும்?

அதற்காக, நாளைக்கே மருந்து வந்துவிடும் என்று நம்பக்கூடாது. மீனுக்குப் பலிப்பது எல்லாம் மனிதனுக்குப் பலிக்காது. "செவிடு தீரும்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொட்டவும் கூடாது. ஆராய்ச்சிக்குப் பொறுமை வேண்டும். அரசாங்கங்களின் ஆதரவும் வேண்டும். உலகில் 43 கோடிக்கும் அதிகமான பேர் காது கேளாமைக்குச் சிகிச்சை தேவைப்படும் நிலையில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களை நினைத்தால் இந்தச் செலவு பெரிது அல்ல.

அதுவரை, இருக்கும் காதைக் காப்பாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம். காதில் மாட்டும் கருவியின் சத்தத்தைக் குறைத்து வையுங்கள். ஒலிபெருக்கியின் பக்கத்தில் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள். காதைக் கெடுக்கக்கூடிய மருந்து கொடுக்கப்பட்டால், நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். காதைப் பரிசோதிக்கும்படி டாக்டரிடம் கேளுங்கள்.

மீன்குஞ்சு இழந்ததை மூன்று நாளில் மீட்டுவிடும். மனிதனுக்கு அந்தப் பாக்கியம் இன்னும் கிடைக்கவில்லை.