குழு வருமுன் ஒரு வார்த்தை

1994-ஆம் ஆண்டு பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றிய ‘நாக்’ தரமதிப்பீட்டு ஸ்தாபனத்தின் வல்லுநர் குழு முதன்முறையாக வரவிருக்கிறது என்றறிந்த மாத்திரத்தில், சுவருக்குச் சுண்ணாம்பும் வாசலுக்கு மாக்கோலமும் தேடி ஓடுகிற பி.எட். கல்லூரிகளைக் கண்டால் எனக்குப் பரிதாபமே மேலிடுகிறது. விருந்தாளிக்காக வீட்டைப் பெருக்குவது நம் சம்பிரதாயந்தான், அதில் குற்றமில்லை.

ஆயினும், ஈராண்டுப் படிப்பில் 20 வாரங்கள் பள்ளிக்கூட அனுபவத்துக்கென்றே ஆசிரியர் கல்விக்கான 2014-ஆம் ஆண்டு விதிகள் ஒதுக்கியிருக்க, அவ்வாரங்களுக்குச் சாட்சியாக நிற்கவேண்டிய பாடத்திட்ட நோட்டுகளை, ஒரு கல்லூரியின் மாணவியர் நள்ளிரவு வரை வரிசையாக அமர்ந்து, பழைய தேதிகளிட்டுப் புதிதாய் எழுதிக்கொண்டிருந்ததை நான் பிரத்தியக்ஷமாகக் கண்டிருக்கிறேன். ஒரே நீல மை. பிழையென்று ஒரு அடித்தல்கூட இல்லை.

அந்தக் குவியலின் அடியில், தேநீர்க் கறை படிந்த பழைய நோட்டு ஒன்று கிடந்தது, அதன் ஓரத்தில், ‘பின்னம் பாதிப் பேருக்கு விளங்கவில்லை, நாளை தோசையை வெட்டிக் காட்டு’ என்று பள்ளி ஆசிரியை ஒருவர் சிவப்பு மையில் எழுதியிருந்தார். மறுநாள் பக்கத்தில் தோசையின் படமே இருந்தது. குழுவின் மேஜைமீது முதலில் வைக்கத்தக்கது அந்த நோட்டே என்பது என் அபிப்பிராயம். அதையோ பழைய காகிதக் கட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.