இரண்டு சீட்டில் துண்டு போடுகிறவர்கள்

பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிப்பது நம் தலைமுறைக்கு நன்றாகத் தெரிந்த வித்தை. ஒரு ஆள் ஒரு துண்டு போட்டால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. அதே ஆள் இரண்டு சீட்டில் துண்டு போட்டு, வண்டி புறப்பட்ட பிறகு நிதானமாக உள்ளே வந்து, "எனக்கு இந்த ஜன்னலோர சீட் போதும், அதை வேறு யாருக்காவது கொடுங்கள்" என்றால் கண்டக்டர் என்ன சொல்வார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

பாராளுமன்றத்தில் இதைச் செய்யலாம். சட்டமே அனுமதிக்கிறது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 33(7) பிரிவின்படி ஒருவர் ஒரே தேர்தலில் இரண்டு தொகுதிகளில் நிற்கலாம். இரண்டிலும் ஜெயித்தால் பதினான்கு நாளுக்குள் ஒன்றை விட்டுவிட வேண்டும். விட்ட தொகுதிக்கு இடைத்தேர்தல். இந்த "இரண்டு" என்ற வரம்பே 1996ல்தான் வந்தது. அதற்கு முன் எத்தனை தொகுதியில் வேண்டுமானாலும் நிற்கலாம். 1957ல் வாஜ்பாய் லக்னோ, மதுரா, பல்ராம்பூர் என்று மூன்று மக்களவைத் தொகுதிகளில் நின்றார். மதுராவில் டெபாசிட் போயிற்று, லக்னோவில் தோல்வி, பல்ராம்பூர் கை கொடுத்தது. என்.டி.ராமராவ் 1985 சட்டசபைத் தேர்தலில் மூன்று தொகுதியில் நின்று மூன்றிலும் ஜெயித்தார். பக்கத்து நாட்டில் இம்ரான் கான் 2018ல் ஐந்து இடங்களில் நின்று ஐந்திலும் ஜெயித்து நான்கை விட்டார். நாம் அவ்வளவு மோசமில்லை என்று வேண்டுமானால் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

இதை எழுதியதும் எந்தக் கட்சிக்காரர் முதலில் கோபித்துக்கொண்டு போன் செய்வார் என்று எனக்குத் தெரியும். அதனால் முதலிலேயே எல்லாரையும் சொல்லிவிடுகிறேன். 1980ல் இந்திரா காந்தி ரேபரேலி, மேடக் இரண்டிலும் ஜெயித்து ரேபரேலியை விட்டார். 1991ல் அத்வானி புதுதில்லி, காந்திநகர் இரண்டிலும் ஜெயித்து புதுதில்லியை விட்டார். அதே வருடம் சட்டசபைக்கு ஜெயலலிதா பர்கூர், காங்கேயம் இரண்டிலும் ஜெயித்து காங்கேயத்தை விட்டார். 1999ல் சோனியா பெல்லாரியை விட்டார். 2014ல் மோடி வதோதராவில் 5 லட்சத்து 70 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து, அதை விட்டு வாரணாசியை வைத்துக்கொண்டார். முலாயம் சிங் அதே தேர்தலில் மெயின்புரியை விட்டார், அந்த இடத்துக்கு அவருடைய அண்ணன் பேரன் வந்தார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம் கட்சிகளுக்குள் கொள்கை வேறுபாடே கிடையாது.

ஆனால் நான் விரிவாகச் சொல்ல நினைப்பது வயநாட்டை. அங்கே நடந்ததைத் தேதி வாரியாகப் பார்த்தால்தான் இதன் விபரீதம் புரியும்.

2024 ஏப்ரல் 26ஆம் தேதி வயநாடு ஓட்டுப் போட்டது. கல்பெட்டா, மானந்தவாடி, சுல்தான் பத்தேரியோடு நிலம்பூர், வண்டூர், ஏறநாடு, திருவம்பாடி என்று மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலைத் தொகுதி. சுமார் 73 சதவீதம் பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள். ராகுல் காந்தி ரேபரேலியில் நிற்கிறார் என்ற அறிவிப்பு வந்தது மே 3ஆம் தேதி. அதாவது வயநாட்டுக்காரர் விரலில் மை வைத்து ஒரு வாரம் கழித்து. வதோதரா மக்களுக்காவது மோடி வாரணாசியிலும் நிற்கிறார் என்று முன்பே தெரியும், தெரிந்தே போட்டார்கள். வயநாட்டு மக்களுக்கு அந்தத் தகவலே இல்லை. அதை அறிந்திருந்தால் எத்தனை பேர் மாற்றிப் போட்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம். ஒருவேளை யாருமே மாற்றியிருக்க மாட்டார்கள். ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா?

ஜூன் 4 ரிசல்ட். வயநாட்டில் 6 லட்சத்து 47 ஆயிரம் பேர் அவருக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். ஜூன் 17ஆம் தேதி, கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது, வயநாட்டை விடுகிறேன் என்று அறிவித்தார்கள்.

ஜூலை 30 அதிகாலை முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு போயின. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். சாலியாற்றில் மிதந்து நிலம்பூர் வரைக்கும் உடல்கள் வந்ததை டிவியில் பார்த்துவிட்டு அன்று இரவு நம்மில் பலருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தில்லியில் அப்போது பட்ஜெட் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. 543 தொகுதிகளில் அன்றைக்கு எந்தத் தொகுதிக்குக் கண்டிப்பாக ஒரு உறுப்பினர் எழுந்து நின்று பேச வேண்டுமோ, அந்தத் தொகுதிக்கு உறுப்பினர் இல்லை.

ராகுல் காந்தி அன்றே சபையில் பேசினார், ஆகஸ்ட் 1ஆம் தேதி நேரில் போனார். அதை நான் மறைக்கவில்லை, குறைத்துச் சொல்லவும் இல்லை. ஆனால் அவர் பேசியது எதிர்க்கட்சித் தலைவராக, ரேபரேலி உறுப்பினராக. வயநாட்டுக்கு அது ஒரு தலைவர் காட்டிய அக்கறை, உறுப்பினர் செய்ய வேண்டிய கடமை என்ற கணக்கில் வராது. அக்கறை காட்டாவிட்டால் யாரும் கேட்க முடியாது, கடமையைச் செய்யாவிட்டால் கேட்கலாம். ஜனநாயகத்தில் எனக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

எம்.பி. இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும், கலெக்டர் இருக்கிறார், எம்.எல்.ஏ. இருக்கிறார் என்று சிலர் கேட்பார்கள். நம் கன்னியாகுமரிக்காரர்களுக்கு இதன் பதில் தெரியும். 2020 ஆகஸ்டில் வசந்தகுமார் கொரோனாவில் காலமானார். இடைத்தேர்தல் 2021 ஏப்ரல் 6ஆம் தேதி சட்டசபைத் தேர்தலோடுதான் நடந்தது, முடிவு மே 2. எட்டு மாதம். அந்த நாட்களில் எங்கள் தெருவில் ஒருவர் மகனுடைய ஆபரேஷனுக்குப் பிரதமர் நிவாரண நிதியில் உதவி கேட்க எம்.பி. கடிதத்துக்கு அலைந்து, கடைசியில் வேறு மாவட்டத்து எம்.பி. ஒருவரிடம் யார் யாரையோ பிடித்து வாங்கினார். அது மரணம், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆண்டுக்கு 5 கோடி தொகுதி நிதி இருக்கிறது, அந்தத் தொகுதிக்கென்று பரிந்துரைக்க ஒரு ஆளில்லை என்பதைச் சாவு செய்தால் பொறுத்துக்கொள்ளலாம். உயிரோடு இருக்கிறவர் செய்தால் ஏன் பொறுக்க வேண்டும்?

நவம்பர் 13ல் இடைத்தேர்தல் நடந்து 23ஆம் தேதி முடிவு வந்தது. ஐந்து மாதத்துக்கு மேல் காலி. பிரியங்கா காந்தி 4 லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தார், அண்ணனைவிட அதிக வித்தியாசம், "பாருங்கள், மக்கள் கோபப்படவில்லை" என்று எழுதினார்கள். வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். அவர் வாங்கிய ஓட்டு 6 லட்சத்து 22 ஆயிரம், அண்ணன் வாங்கியதைவிடக் குறைவு. ஓட்டுப் போட வந்தவர்கள் 65 சதவீதத்துக்கும் கீழே. கோபப்பட்டவன் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை, வீட்டிலேயே இருந்துவிட்டான். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்து பல தேர்தல்களுக்கு டியூட்டி போனவன் என்ற முறையில் எனக்கு இது தெரியும். பொதுத்தேர்தல் பூத்தில் காலை ஏழு மணிக்கே வரிசை இருக்கும். இடைத்தேர்தல் பூத்தில் ஏஜென்டுகள் முகத்தையே நாங்கள் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்போம். ஆனால் வேலை என்னவோ ஒன்றுதான். முந்தின இரவு பள்ளிக்கூட பெஞ்சில் கொசுக்கடி, விடியற்காலை மாதிரி வாக்குப்பதிவு, சீல், ஃபாரம், போலீஸ், லாரி எல்லாம் உண்டு. செலவு மத்திய அரசுக் கணக்கில், அதாவது நம் கணக்கில்.

ஜெயித்த பிறகு நடுவில் வேறு பதவிக்குப் போகிறவர்களை இதே தட்டில் வைக்க மாட்டேன். முதலமைச்சராகக் கட்சி அழைத்தால் போகத்தான் செய்வார்கள். ஆனாலும் யோகி ஆதித்யநாத்தும் கேசவ் பிரசாத் மவுரியாவும் 2017ல் விட்டுப் போன கோரக்பூர், பூல்பூர் தொகுதிகளுக்கு 2018 மார்ச்சில்தான் தேர்தல் நடந்தது. நேரு நின்ற பூல்பூரில் நூற்றுக்கு நாற்பது பேர்கூட ஓட்டுப் போட வரவில்லை, இரண்டு இடமும் ஆளுங்கட்சி கையை விட்டுப் போனது. 2023 டிசம்பரில் இன்னொரு கூத்து. மாநிலத் தேர்தலில் ஜெயித்த பாரதிய ஜனதா எம்.பி.க்கள், நரேந்திர சிங் தோமர், தியா குமாரி உட்பட, ராஜினாமா செய்தார்கள். மக்களவைக்கு ஒரு வருடத்துக்கும் குறைவான ஆயுளே இருந்ததால் இடைத்தேர்தலும் கிடையாது. அந்தத் தொகுதிகள் அப்படியே கிடந்தன. 1978ல் சிக்மகளூரில் சந்திரே கவுடா, இந்திரா காந்திக்காகவே ராஜினாமா செய்து இடம் கொடுத்ததும் நமக்கு ஞாபகம் இருக்கும். அம்மையார் ஜெயித்து, அதே டிசம்பரில் சபையிலிருந்து நீக்கப்பட்டார். ஓட்டுப் போட்ட சிக்மகளூர்க்காரனிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை.

"பெரிய தலைவர்கள் தோற்றுவிட்டால் நாட்டுக்கு நஷ்டம், அதனால் இரண்டாவது இடம் ஒரு பாதுகாப்பு" என்பது இவர்களுடைய வாதம். நம்மூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் எடுபடாது. 1967ல் காமராஜர் விருதுநகர் ஒன்றில்தான் நின்றார். தோற்றார். மறு நாள் வேறு தொகுதி எம்.எல்.ஏ.யை ராஜினாமா செய்யச் சொல்லி வந்து உட்காரவில்லை. மார்ஷல் நேசமணி காலமாகி நாகர்கோவில் காலியான பிறகு, 1969 இடைத்தேர்தலில் நம்மிடம் வந்து கேட்டார், கொடுத்தோம். 1971ல் மறுபடியும் கொடுத்தோம். அந்த இரண்டு வருடம் அவர் சபையில் இல்லாததால் அவர் மதிப்பு ஒரு பைசா குறைந்ததாக எனக்கு நினைவில்லை.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. 2004லேயே தேர்தல் கமிஷன் சொல்லிவிட்டது: ஒருவருக்கு ஒரு தொகுதி என்று சட்டத்தைத் திருத்துங்கள், முடியாதென்றால் தொகுதியை விடுகிறவர் இடைத்தேர்தல் செலவுக்காகச் சட்டசபைக்கு 5 லட்சம், மக்களவைக்கு 10 லட்சம் கட்டட்டும். 2015ல் சட்டக் கமிஷனும் ஒரு தொகுதிதான் என்றது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், இது பாராளுமன்றம் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்று மனுவைத் தள்ளுபடி செய்தது. பந்து மறுபடியும் துண்டு போடுகிறவர்கள் கையிலேயே. அவர்கள் ஏன் அவசரப்படப் போகிறார்கள்?

இரண்டாவதாக வந்தவருக்கே சீட்டைக் கொடுத்துவிடலாம் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். அது சரியில்லை. வேண்டாம் என்று மக்கள் சொன்னவரைப் பின்வாசல் வழியாக உள்ளே விடுவது அது. பணம் கட்டச் சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. 10 லட்சம் பெரிய கட்சிகளுக்கு டீ செலவு, பிறகு "காசு கட்டிவிட்டோமே" என்ற தைரியமும் வந்துவிடும். 33(7) பிரிவில் "இரண்டு" என்று இருப்பதை "ஒன்று" என்று மாற்றினால் போதும். ஒரே ஒரு வார்த்தை.

நம் ஓய்வூதியர் சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டு வருகிறேன். நிறைவேறினால் நம் எம்.பி.க்கும், எல்லாக் கட்சி மாவட்டச் செயலாளர்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புவதாக ஏற்பாடு. மனுவை வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் வருகிறவர்கள் கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள்.