கரிய நீர்க் காட்டின் பற்றீரியாக்கள்

"சதுப்புக் காட்டைக் காப்பதற்குப் பற்றீரியாவின் பரம்பரை எழுத்துக்களை வாசிப்பானேன், ஐயா?" என்று மாணவனொருவன் சென்ற வாரம் நம்மை வினவினான். நல்ல வினா.

போர்ணியோ, சுமாத்திரா, தென் தாய்லாந்து ஆகிய இடங்களிலுள்ள இக்காடுகளின் நீர், பால் விடாத தேநீரின் நிறமும் மிகுந்த அமிலத்தன்மையும் உடையது. விழுந்த இலையும் வேரும் மரமும் முற்றாக உக்காமல், பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்து, சிலவிடங்களில் பத்து மீற்றருக்கும் மேலான ஆழத்துக்குக் கிடக்கின்றன. இதுவே முற்றாநிலக்கரி.

வெப்பநாட்டில் விழுந்த இலை விரைவில் மண்ணாவதையே நாம் கண்டிருக்கின்றோம். இங்கு அவ்வாறாகாமைக்குக் காரணம் யாது? நீர் தேங்கிய இடத்தில் ஒட்சிசன் குறைவு. அதனால் பீனோற் பொருள்களைச் சிதைக்கும் நொதியம் தொழிற்படுவதில்லை. அப்பொருள்கள் பெருகி ஏனைய நொதியங்களையும் அடக்கிவிடும். வேல்சு நாட்டுச் சதுப்புநிலங்களை ஆராய்ந்தோர் 2001இல் இதனைக் கதவின் தாழ்ப்பாளுக்கு ஒப்பிட்டனர். வெப்பநாட்டுக் காடுகளில் எவ்வெப்பற்றீரியாக்கள் எந்நொதியங்களை ஆக்கவல்லன என்பதை அறியவே எழுத்துக்களை வாசிக்க வேண்டியுள்ளது. ஆய்வுகூடத் தட்டில் வளர மறுப்பனவே அவற்றுட் பெரும்பாலன.

வாசிக்கும் முறை வேடிக்கையானது. இந்த ஞாயிறு இதழின் பல பிரதிகளைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஒன்றோடொன்று பொருந்தும் வரிகளைக் கொண்டு முழு இதழையும் மீட்பது போன்றது. 1995இல் முதன்முதலாக ஒரு பற்றீரியாவின் 18 இலட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துக்கள் இவ்வாறே கோக்கப்பட்டன. காட்டு மண்ணிலோ பல நூறு இதழ்கள் கலந்து கிழிந்து கிடக்கின்றன! தாய்லாந்தின் தோ டேங் காட்டு மண்ணை இவ்வாறு வாசித்து 2011இல் வெளியிட்டனர். அமிலம் விரும்பும் அசிடோபற்றீரியாக் கூட்டமே அதில் மிகுந்திருந்தது. மரநாரைச் சிதைக்கும் நொதியங்களுக்குரிய எழுத்துக்களும் காணப்பட்டன. எழுத்து இருப்பதனாலேயே தொழில் நடைபெறுகின்றது என்று கொள்ளலாகாது. ஆற்றல் உண்டென்பதே பொருள்.

அவ்வாற்றலை எழுப்பிவிடுவது மனிதர் வெட்டும் வாய்க்கால். நெல் விளைவிக்கும் எண்ணத்துடன் மத்திய கலிமந்தானில் ஏறத்தாழ 10 இலட்சம் ஹெக்டேயரை இந்தோனேசிய அரசு 1990களின் நடுப்பகுதியில் வடியச் செய்யத் தொடங்கியது. எதிர்பார்த்த நெல் விளையவில்லை. 1997இல் தீ மூண்டது. அவ்வாண்டில் இந்தோனேசியாவின் முற்றாநிலக்கரியும் காடும் எரிந்து வெளியேறிய காபன் 81 கோடி முதல் 257 கோடித் தொன் வரையென மதிப்பிட்டனர். தீயைக் கண் காணும். தீயில்லாத ஆண்டிலும், வற்றிய நிலத்திற் பற்றீரியாக்கள் அதே காபனைச் சிறிது சிறிதாக வளியிற் சேர்ப்பதை யார் காண்பார்?

பின்னர் அவ்வாய்க்கால்கள் பலவற்றை அணையிட்டு மறித்தனர். நீர் மீண்டதும் தாழ்ப்பாளும் மீண்டும் விழுந்ததா என்பதை அறிய, அந்த மண்ணின் எழுத்துக்களும் ஒரு சான்றாகும்.