தோல் கடைசியில்!

மனித உடம்பைச் சிலையாகச் செய்யக் கற்கிறீர்களா? முதலில் தோலை மறந்துவிடுங்கள் சார். கம்பிக்கூடு, அதன்மேல் எலும்பு, அப்புறம் தசை. தோல் கடைசியில்தான்.

எந்த மண் வாங்குவது? குயவர் மண் மலிவு. ஈரத்துணி போர்த்தாமல் ஊருக்குப் போய்விட்டால், திரும்பும்போது சுருங்கி, வெடித்து, கை தனியே கிடக்கும். பாலிமர் மண்ணை ஓவனில் சுட வேண்டும், விலையும் சுடும். ஆபீஸ்காரர்களுக்கு என் ஓட்டு எண்ணெய் மண்ணுக்கே. சூளையில் வைக்க முடியாது. ஆனால் காயவே காயாது. இந்த ஞாயிறு விட்ட தோள்பட்டையை அடுத்த ஞாயிறு தொடரலாம். மாணவர்களின் மண் காய்ந்துபோகிறதே என்றுதான் இங்கிலாந்தின் ஓவிய ஆசிரியர் ஹார்பட் 1897-ல் பிளாஸ்டிசினைக் கண்டுபிடித்தார்.

பாடம் படிக்க மெரினா போங்கள். 1959-ல் திறந்த ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையில், பாறையை நெம்பும் முதுகுகளைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். எது இழுக்கிறது, எது புடைக்கிறது, எல்லாம் இருக்கிறது.

"கண்ணாடியில் என் முதுகைப் பார்த்தால் போதாதா?" என்றார் ஆபீஸ் நண்பர்.

பார்த்தேன். நாற்காலிதான் தெரிந்தது.