ஆயிரம் புள்ளி, ஒரு பிடி!

எங்கள் அப்பா கட்டிங் மாஸ்டர். திருப்பூரில் 40 வருஷம் பனியன் துணி வெட்டிய கை. ரிட்டயர் ஆன பிறகும் சும்மா இருக்க மாட்டார். தலையணை உறை, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு கவுன் என்று எதையாவது வெட்டிக்கொண்டே இருப்பார்.

போன மாசம் ஒரு நாள் 'ணங்'கென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், கத்திரிக்கோல் தரையில் கிடக்கிறது. அவருடைய கால் கட்டைவிரலுக்கும் அதற்கும் ஒரே ஓர் அங்குலம்தான் இடைவெளி!

"என்னங்கப்பா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல கண்ணு. கை வேர்த்திருச்சு."

வேர்வையெல்லாம் இல்லை சார். வயசு 68. பிடி தளர்ந்துவிட்டது. அதை அவர் சொல்ல மாட்டார். நானும் கேட்க மாட்டேன். அப்பாவும் பிள்ளையும் அப்படித்தானே!

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தக் கத்திரி நான் வாங்கிக் கொடுத்தது. பழைய இரும்புக் கத்திரி கனமாக இருக்கிறதே என்று, லேசானதாக, கறுப்பு பிளாஸ்டிக் பிடி போட்டது. பிடி பளபளவென்று கண்ணாடி மாதிரி இருக்கும். அந்தப் பளபளப்புதான் வில்லன்.

ஆபீஸில் புலம்பினேன். பக்கத்து ஸீட் நண்பன் சிரித்தான். "மச்சான், துப்பாக்கிக்கே இந்த வியாதி உண்டு. வைத்தியமும் உண்டு!"

ஆஸ்திரியா நாட்டு ராணுவம் 1982-ல் 'க்ளாக்' என்ற பிஸ்டலை எடுத்துக்கொண்டது. அதன் கைப்பிடி பிளாஸ்டிக். அமெரிக்காவில் அதை வாங்கி வைத்திருப்பவர்கள், வேர்த்த கையில் வழுக்காமல் இருக்க, சூடான சால்டரிங் அயர்னால் பிடி முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குத்திவிடுகிறார்களாம். வழவழப்பு போய் பலாப்பழத் தோல் மாதிரி ஆகிவிடும். நம் ஊரில் பிஸ்டல் வைத்துக்கொள்ளவே 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். நமக்கு எதற்கு அந்த வம்பு? ஆனால் கத்திரிக்கு லைசென்ஸ் கேட்பார் உண்டா?

அன்று சாயந்திரமே சால்டரிங் அயர்ன் வாங்கியாச்சு. நேராகக் கத்திரியில் கை வைக்க பயம். பழக ஒரு சாமான் வேண்டுமே! சமையலறையில் கறுப்பாக ஒரு கைப்பிடி கண்ணில் பட்டது.

"ஏனுங்க... குக்கர்ல என்னங்க பண்றீங்க?" என்று இல்லத்தரசி வருவதற்குள் மூன்று குத்து குத்திவிட்டேன். உருகவே இல்லை. கருகி, நாறியதுதான் மிச்சம்.

அப்புறம்தான் தெரிந்தது, குக்கர் கைப்பிடி பேக்கலைட். 1907-ல் பேக்லண்ட் என்பவர் கண்டுபிடித்தது. ஒருமுறை இறுகினால் இறுகியதுதான்; திரும்ப உருகாது. (என் மனைவியின் கோபமும் அதே ஜாதி!) புள்ளி வைக்க, சூட்டில் இளகும் பிளாஸ்டிக்தான் வேண்டும். ஏபிஎஸ் 100 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். பாலிபுரொப்பிலீன் 160 டிகிரி வாக்கில் உருகும். நைலானுக்கு 220-லிருந்து 260 வரை வேண்டும். பிவிசி பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள். கருகினால் வருகிற புகையில் ஆசிட் இருக்கிறது, நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். அயர்ன் 25 வாட் போதும். 60 வாட் வாங்கினால் புள்ளி விழாது, பள்ளம்தான் விழும். சாதாரண அயர்னே 300 டிகிரியைத் தாண்டும் என்பதால், சூட்டைக் குறைக்கிற திருகு வைத்த மாடல் உத்தமம். முனையில் இருக்கிற பிட் புதுசாக இருக்கட்டும். ரேடியோ ரிப்பேர் பார்த்த பழைய பிட்டில் காரீயம் ஒட்டியிருக்கும். இது தினமும் கை படுகிற சாமான். ஜன்னலைத் திறந்து, புகை வெளியே போகிற மாதிரி ஃபேனைத் திருப்பி வையுங்கள்.

பழகுவதற்கு, நூல் சுற்றி வருகிற பிளாஸ்டிக் கோன்! திருப்பூரில் அதற்கா பஞ்சம்? கைப்பிடி மாதிரியே வளைந்தும் இருக்கும்.

முதல் கோன் அம்மைத் தழும்பு. இரண்டாவது கோனில் ஓட்டையே விழுந்துவிட்டது. வெறுத்துப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுப்பர்பாளையம் போனேன். பாத்திரங்களுக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு கடை வாசலில் பெரியவர் ஒருவர் குடத்தில் பேர் வெட்டிக்கொண்டிருந்தார். டொக் டொக் டொக்... ஒரே தாளம், ஒரே அழுத்தம், ஒரே ஆழம். என்னிடம் பேசிக்கொண்டே வெட்டுகிறார். தாளம் மட்டும் மாறவில்லை.

"எப்படிங்க இது?"

"கையை முறைக்காதீங்க தம்பி. எண்ணிக்கிட்டே வைங்க."

அவ்வளவுதான் ரகசியம். அன்று ராத்திரி எண்ண ஆரம்பித்தேன். அயர்னை நேராகப் பிடித்து, ஒன்று என்றால் வை, இரண்டு என்றால் எடு. இழுக்கக் கூடாது, அழுத்தக் கூடாது. அரை மில்லிமீட்டர் ஆழம் போதும். கொஞ்ச இடம் முடிந்ததும் ஆறவிட வேண்டும். இல்லையென்றால் பிடியே நெளிந்துவிடும். பிட்டில் ஒட்டுகிற பிளாஸ்டிக்கை அவ்வப்போது பித்தளை நாரில் துடைக்க வேண்டும். ஏழாவது கோனில் புள்ளியெல்லாம் வரிசைக்கு வந்தது.

அதற்கப்புறம்தான் கத்திரி. புள்ளி வைக்கிற இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப்பை ஒட்டி எல்லை போட்டேன். முதல் புள்ளி வைக்கும்போது கை நடுங்கியது. கோன் போனால் இன்னொரு கோன். இது அப்பா கை! வைத்த புள்ளியை எடுக்கவும் முடியாது. மூன்று ராத்திரி ஆனது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, கையைக் கீறுகிற முனைகளை உப்புத்தாளால் லேசாக மழுக்கினேன்.

காலையில் ஒன்றும் சொல்லாமல் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டு, பேப்பர் படிப்பது போல் உட்கார்ந்துகொண்டேன். அப்பா எடுத்தார். பெருவிரலால் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை தடவினார்.

"யாரு போட்டது?"

"நாந்தானுங்கப்பா."

ஒரு இடத்தில் விரல் நின்றது. "இந்த எடத்துல அவசரப்பட்டிருக்கே."

சரியாக அந்த இடத்தில்தான் ஆபீஸிலிருந்து போன் வந்தது! கட்டிங் மாஸ்டர் விரல் சார், பொய் சொல்லுமா? அப்புறம் துணியை விரித்து, சரசரவென்று ஒரே மூச்சில் ஒரு மீட்டர் வெட்டினார். கத்திரி கையிலேயே இருந்தது.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஆபீஸ் போனேன். சாயந்திரம் திரும்பினால், என் மேஜையில் வரிசையாக அவருடைய டார்ச் லைட், ஷேவிங் ரேஸர், டூத் பிரஷ், டீ குடிக்கிற எவர்சில்வர் டம்ளர்.

"சும்மாதான் இருக்கே, இதுக்கெல்லாமும் புள்ளி வெச்சுக் குடு கண்ணு" என்றார் என் முகத்தைப் பார்க்காமல்.

மூன்றை முடித்துவிட்டேன். டம்ளருக்கு மட்டும் வருகிற ஞாயிற்றுக்கிழமை அனுப்பர்பாளையம் போக வேண்டும். கூடவே அப்பாவையும் கூட்டிக்கொண்டு.