கடைவீதியை மாற்றியது கிரகமா, மனிதனா?

நமது நாட்டுச் சிறு பட்டணம் எதிலும் உள்ள கடைவீதிக்குப் போய், அங்கு நாற்பது வருஷமாய்ப் பழகிய ஒரு பெரியவரிடம், "முன்பு இங்கே என்னென்ன கடைகள் இருந்தன?" என்று கேட்டுப் பாருங்கள். இன்று கைப்பேசிக் கடை இருக்குமிடத்தில் எஸ்.டி.டி. பூத் இருந்தது என்பார். ரெடிமேட் துணிக்கடை இருக்குமிடத்தில் தையற்கடையும், ஏ.டி.எம். இருக்குமிடத்தில் பாத்திரக் கடையும் இருந்தன என்பார். காசை எண்ணிக் கொடுத்த காலமும் போய், இன்று கீரைக்காரியும் கைப்பேசியில் பணம் வாங்குகிறாள். ஆனால் ஒன்று மாத்திரம் மாறவில்லை. அதுதான் வாசலில் தொங்கும் எலுமிச்சம்பழமும், பச்சை மிளகாயும், முகப்பில் கட்டிய திருஷ்டிப் பூசணிக்காயும், சுவரில் மாட்டிய ராகுகாலப் பட்டியும்!

அந்த பூத்துக்காரர்களின் கதியையே எடுத்துக் கொள்வோம். வியாபாரம் படுத்ததும் அவர்களில் எத்தனை பேர் ஜோசியனிடம் ஓடினார்கள்! "ஏழரைச் சனி" என்றான் ஜோசியன். "வாசற்படி தப்பான திசையில் இருக்கின்றது" என்றான் வாஸ்துக்காரன். பரிகாரத்திற்கும், வாசலை இடித்துக் கட்டுவதற்கும் பெண்டாட்டி நகை அடகுக் கடைக்குப் போயிற்று. வியாபாரம் திரும்பிற்றா? எப்படித் திரும்பும்? இந்தியாவில் கைப்பேசி வந்தது 1995-ல். வருகின்ற அழைப்புக்குக் காசில்லை என்று ஆனது 2003-ல். அதன் பிறகு கண்ணாடிக் கூண்டுக்குள் காசு கொடுத்து நின்று பேச எவன் வருவான்?

நாம் ஒன்று கேட்கின்றோம். தேசமெங்கும் உள்ள பூத்துகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் மூடப்பட்டனவே, அத்தனை பூத்துக்காரர்களும் ஒரே ராசியில் பிறந்தவர்களா? அத்தனை பேர் வாசற்படியும் ஒரே திசையிலா இருந்தது? சனி ஒரு ராசியில் இரண்டரை வருஷம் இருந்து நகர்ந்து விடுகிறதாகச் சொல்லுகிறார்களே, அது நகர்ந்த பின் ஒரு பூத்தாவது திரும்பத் திறந்ததுண்டா? ஜோசியர்கள் பதில் சொல்லட்டும்.

ராகுகாலம் தினம் ஒன்றரை மணி. எமகண்டம் ஒன்றரை மணி. ஆக 3 மணி நேரம் நல்ல காரியம் தொடங்கக் கூடாதாம். ஆனால் வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு மேல் ராகுகாலத்தில் ஒருவன் வந்து பத்தாயிரம் ரூபாய்க்குச் சாமான் கேட்டால், "பன்னிரண்டு மணிக்கு மேல் வாருங்கள்" என்று எந்த வியாபாரியாவது திருப்பி அனுப்பியிருக்கிறாரா? பணம் வாங்குவதற்கு இல்லாத ராகு, கடை திறப்பதற்கு மாத்திரம் எங்கிருந்து வருகின்றது?

"அது அவரவர் நம்பிக்கை, அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். நடுவீதியில் உடைத்த பூசணிக்காயில் வழுக்கி விழுந்து கால் ஒடிந்தவனைக் கேளுங்கள், நஷ்டம் யாருக்கென்று. அட்சய திருதியை என்று நகைக்கடைக்காரர் செய்யும் விளம்பரத்தை நம்பி, கடன் வாங்கி ஒரு கிராம் தங்கம் வாங்குகிற கூலிக்காரக் குடும்பத்தைக் கேளுங்கள். இவற்றைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. கிரகத்தின்மேல் பழியைப் போட்டவன் உண்மைக் காரணத்தைத் தேடமாட்டான். வாடகை ஏறினதையும், கந்துவட்டி தின்றதையும், பெருமுதலாளியின் கடை எதிரில் வந்ததையும் அவன் யோசிக்கவே மாட்டான். யோசித்தாலல்லவா புதுத் தொழில் கற்கவும், பத்துப்பேர் ஒன்றுகூடிச் சரக்கு வாங்கவும் வழி தோன்றும்?

நிற்க, இந்தக் கடைவீதியில் உண்மையாகவே ஏற்பட்ட நன்மைகள் யாரால் ஏற்பட்டன? ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் பார்ப்பனருக்குத் தனியிடம், மற்றவருக்குத் தனியிடம் என்றிருந்த வழக்கம் 1941-ல் ஒழிந்தது நமது கிளர்ச்சியால். 1957-ல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் பலகையிலிருந்த "பிராமணாள்" என்ற எழுத்தை எதிர்த்துப் பெரியார் மறியல் தொடங்கினார். தோழர்கள் மாதக்கணக்கில் நாள் தவறாமல் சிறை சென்ற பிறகே அது போயிற்று. கடையிலும் ஓட்டலிலும் தீண்டாமை பாராட்டுவது குற்றம் என்று சட்டம் வந்தது 1955-ல். துணிக்கடையில் பொழுதெல்லாம் நின்றே கால் வீங்கிய பெண்களுக்கு உட்கார ஆசனம் கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2021-ல். இவற்றில் எதையாவது குருப்பெயர்ச்சி கொண்டு வந்ததா? ஒவ்வொரு கடையிலும் லட்சுமி படம் மாட்டியிருந்ததே, அந்தப் பெண்களுக்கு ஒரு முக்காலியாவது அந்த லட்சுமி போட்டாளா?

இன்னும் பாக்கி இருக்கின்றது. டீக்கடையில் தாழ்த்தப்பட்டோருக்குத் தனி டம்ளர் வைக்கும் அயோக்கியத்தனத்தை 2011-ல் கூட சுப்ரீம் கோர்ட்டு கண்டிக்க வேண்டியிருந்தது. அப்படியானால் டம்ளர் கண்ணாடியிலிருந்து காகிதத்துக்கு மாறினதில் என்ன பெருமை? வாடகைக்குக் கடை கேட்டு வருகிறவனிடம் முன்பணம் கேட்பதற்கு முன்னால் "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்பவன், தன் கடைக்குக் குளிர்சாதனம் போட்டதனால் நாகரிகம் அடைந்தவனாவானா?

வியாபாரத் தோழர்களே! சரக்கை மாற்றினீர்கள், தராசை மாற்றினீர்கள், கல்லாப்பெட்டியையும் மாற்றினீர்கள். புத்தியை மாத்திரம் ஏன் பழைய பஞ்சாங்கத்தில் அடகு வைத்திருக்கிறீர்கள்? பூசணிக்காயைக் குழம்பில் போடுங்கள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து குடியுங்கள். ஜோசியனுக்குக் கொடுக்கும் பணத்தில் கடைப் பையனைப் படிக்க வையுங்கள். வருகிறவன் ஜாதியைக் கேளாமல் கடையைத் திறவுங்கள். அந்த நேரம் எதுவானாலும் அதுவே நல்ல நேரம்.